பனிச்சறுக்குத் தலத்தை மதிப்பிடுவது எப்படி?

தமிழில் 'பனி' என்னும் சொல் ஒன்றே. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி. உதகையில் ஜனவரி இரவில் வெளிகளை வெண்மையாக்குவதும் பனி. இமயத்தின் முடிகளில் ஆண்டு முழுவதும் கிடப்பதும் பனியே. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்கே இதனைக் கொண்டு பெயரிட்ட நம் முன்னோர்க்கு, அதற்கு மேற்பட்ட பாகுபாடு தேவைப்படவில்லை. கால்களில் இரண்டு நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு மலைச் சாய்வில் வழுக்கி இறங்குவோர்க்கோ அப்பாகுபாடு உயிர்நிலையானது. மாவு போன்ற புதுப்பனியில் விழுந்தால் சிரித்துக்கொண்டு எழலாம். பகலில் உருகி இரவில் இறுகிய பனியில் விழுந்தால் எலும்புக்கு உத்தரவாதம் இல்லை.

தில்லியிலும் சண்டிகரிலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில, பிள்ளைகளின் விருப்பத்திற்கு இணங்கிக் குளிர்காலத்தில் காஷ்மீரத்துக் குல்மர்க்குக்கும் உத்தராகண்டத்து ஔலிக்கும் பனிச்சறுக்குப் பழகச் செல்கின்றன. அவ்வாறு செல்லுமுன் ஒரு தலத்தை எவ்வாறு எடை போடுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதில் நாம் நிபுணர் அல்லோம். இருமுறை சென்றோம், இருமுறையும் கொஞ்சம் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

முதன்முறை சென்றது 2024ஆம் ஆண்டு ஜனவரி இரண்டாம் வாரத்தில். தில்லியிலிருந்து இரண்டு குடும்பத்தினர் புறப்பட்டு, ஸ்ரீநகர் சேர்ந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் வண்டியில் சென்றோம். தங்மர்க்கிலிருந்து மலையேறும்போது சக்கரங்களுக்குச் சங்கிலி கட்ட வேண்டாமா என்று வினவினோம், ஓட்டுநர் நகைத்தார். மேலே சென்று பார்த்தால், எங்கும் பழுப்பேறிய புல்வெளி. பனியில் வண்டி இழுத்துப் பிழைக்கும் தொழிலாளர்கள், கவிழ்த்து வைத்த தம் மரவண்டிகளின் மீது வெயிலில் அமர்ந்திருந்தனர். நமக்கு நட்டம் விடுதிக்குக் கொடுத்த முன்பணம். அவர்களுக்கோ ஆண்டு வருவாயின் பெரும்பகுதி.

டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைக் காஷ்மீர மக்கள் 'சில்லைக் கலான்' என்று அழைக்கின்றனர். பெருங்குளிர்க்காலம் என்று பொருள் கொள்ளலாம். ஆண்டின் நல்ல பனி அப்போதுதான் விழும் என்பது அவர்களுடைய நெடுநாளைய அநுபவம். அவ்வாண்டோ அந்நாற்பது நாட்களும் பெரும்பாலும் வறண்டு கழிந்து, மாத இறுதியிலேதான் பனி வந்தது. மறு ஆண்டும் ஏறக்குறைய அதே கதை: 2025 பிப்ரவரி 22ஆம் நாள் அங்கே தொடங்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுக்கள் பனி போதாமையால் ஒத்திவைக்கப்பட்டு, மார்ச் 9ஆம் நாள்தான் தொடங்கின.

இதன் காரணத்தை அறிந்துகொள்ளுதல் நன்று. இமயத்தின் மேற்குப் பகுதியில் குளிர்காலப் பனியைக் கொணர்வது பருவக்காற்று அன்று. மத்தியதரைக் கடற்பக்கம் தோன்றி, ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து வருகின்ற மேலைக் காற்றுச் சுழல்களே அதனைக் கொணர்கின்றன. அவை வரிசையாக வந்தால் குல்மர்க்கில் ஆள் உயரப் பனி கிடக்கும். வழி மாறிப் போய்விட்டால் புல் தெரியும். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் தஞ்சை உழவர் வானம் பார்ப்பது போலத்தான் இதுவும். ஆகவே விடுதியின் விளம்பரத்தில் உள்ள ஓர் அழகிய படத்தை நம்பாது, கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் நாம் செல்லக் கருதும் வாரத்தில் பனி எப்படி இருந்தது என்று கேட்டறிதல் வேண்டும். எமது கணிப்பில், பள்ளி விடுமுறையை முன்னிட்டு டிசம்பர் இறுதியில் செல்வோர் சூதாடுகின்றனர். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை செல்வோர்க்கே வாய்ப்பு மிகுதி.

விளம்பரங்கள் பெருமையாகக் கூறும் மற்றொரு செய்தி உயரம். உயரம் மட்டுமே பனிக்குக் காரணம் ஆகாது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. நீலகிரியின் தொட்டபெட்டா 2637 மீட்டர். குல்மர்க்கின் புல்வெளி சுமார் 2650 மீட்டர். உயரத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே இருப்பதால் உறைபனியோடு நின்றுவிட்டது. மற்றொன்று 34 பாகை வடக்கே இருப்பதால் வெண்போர்வை பூணுகின்றது. இன்னும் வடக்கே, 46 பாகையை ஒட்டி, பிரான்சில் உள்ள சாமொனி என்னும் ஊர் 1035 மீட்டர் உயரமே உடையது. ஆயினும் 1924இல் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் பந்தயம் நடந்தது அங்கேதான்.

உயரத்தைக் காட்டிலும் நாம் விசாரிக்கவேண்டியது, சாய்வு எத்திசை நோக்கியது என்பது. இமயத்தில் தெற்கு நோக்கிய சாய்வு நாள் முழுதும் வெயிலில் காய்ந்து விரைவில் வெளுத்துப்போகும்; வடக்கு நோக்கியது வாரக்கணக்கில் பனியைக் காத்து வைக்கும். ஒரே மலையில், ஒரே உயரத்தில், முதுகின் இருபுறமும் இருவேறு பருவங்கள் நிலவுவதைக் கண்ணாரக் காணலாம். குல்மர்க்கை நோக்கிய அபர்வாத் மலையின் பக்கம் பெரும்பாலும் வடக்கும் கிழக்குமாகப் பார்த்திருப்பது அத்தலத்தின் நற்பேறு.

இனி, புதிதாகப் பழகுவோர்க்கு எது முக்கியம்? மலைமுடி அன்று, அடிவாரத்து மேடே. குல்மர்க்கில் கோடையில் கால்ப் விளையாடும் புல்வெளியின் மெல்லிய ஏற்ற இறக்கங்களே குளிர்காலத்தில் தொடக்கப் பள்ளி. அங்கு நின்று அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தால் பல செய்திகள் விளங்கும். சாய்வின் முடிவில், நிற்கத் தெரியாதவனும் தானே நின்றுவிடும்படி சமநிலம் உண்டா? ஏறி ஏறிக் களைக்காமல் இழுத்துச் செல்லும் கம்பி உண்டா? சறுக்குவோர் வழியில் மரவண்டிகளும் இயந்திர வண்டிகளும் குறுக்கிடுகின்றனவா? இந்தக் கடைசிக் கேள்விக்குக் குல்மர்க்கில் நமக்குக் கிடைத்த விடை திருப்தியாக இல்லை. கூட்டம் மிகுந்த ஞாயிற்றுக்கிழமையில் அந்த வெளி சந்தைபோல் ஆகிவிடுகின்றது. வாரநாட்களில், காலை பத்து மணிக்கு முன், அது வேறொரு இடம்.

மேலே செல்ல அங்குள்ள கொண்டோலாவை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். பழனியில் நாம் ஏறும் ரோப் காரின் பெரிய தமையன் என்று சொல்லலாம். முதற் கட்டம் 1998இல் திறக்கப்பட்டுக் கொங்டூரி வரை செல்கின்றது. இரண்டாம் கட்டம் 2005இல் திறக்கப்பட்டு, அபர்வாத்தின் தோளில் ஏறத்தாழ 3980 மீட்டர் உயரம் வரை கொண்டு விடுகின்றது. அங்கிருந்து புல்வெளிவரை 1300 மீட்டருக்கு மேற்பட்ட இறக்கம். கைதேர்ந்தோர் உலகின் பல மூலைகளிலிருந்தும் வருவது இதற்காகவே. பழனியில் பலத்த காற்று வீசினால் ரோப் கார் நிற்பதுபோல, இங்கும் காற்றும் புதுப்பனியும் மிகுந்த நாளில் இரண்டாம் கட்டம் நிற்கும். மூன்று நாள் பயணத்தில் மூன்று நாளும் நின்றால் ஏமாற்றந்தான். ஆயினும் நிறுத்தத் தயங்காத நிர்வாகத்தையே நாம் நம்பலாம். இயந்திரத்திற்கு அப்பாலும் அபாயம் உண்டு என்பதை 2017 ஜூன் 25ஆம் நாள் காட்டிற்று. அன்று புயற்காற்றில் மரம் சாய்ந்து கம்பிவடத்தின்மேல் விழ, எழுவர் உயிரிழந்தனர். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. ஸ்ரீநகரில் இறங்கிய மறுநாளே மேலே விரைந்தால் தலைநோவும் குமட்டலும் தொடரலாம்; ஓரிரு இரவு கீழே தங்கிச் செல்வதே நலம்.

இப்போது சொல்லப்போவது, நம் விருப்பு வெறுப்புக்கு இடமில்லாத ஒன்று. மலையிலிருந்து பனி திரண்டு இடிந்து வீழ்வதைப் பனிச்சரிவு என்கிறோம். அது பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் நிகழ்கின்றது. முப்பது பாகை என்றால் எவ்வளவு? நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறக்குறைய அதுதான். அதாவது, நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் விரும்பித் தேடும் சாய்வும், பனி இடிந்து விழும் சாய்வும் ஒன்றே. மெல்லிய பனிப்படலம் நீண்ட நாள் தெளிந்த வானத்தின்கீழ்க் கிடந்தால், அதன் அடிப்பகுதி ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைப் பரல்களைப் போல் ஆகிவிடும். அதன்மேல் ஓரிரு நாளில் பெரும் பனி விழுந்தால், பரல்களின் மேல் பலகையை வைத்தாற்போல் இருக்கும். ஒரு மனிதனின் எடை போதும், அப்பலகையை உடைத்து நகர்த்த.

2010 பிப்ரவரி 8ஆம் நாள் கிலன்மர்க்கில் பயிற்சியில் இருந்த இராணுவ வீரர் பதினெழுவர் பனிச்சரிவில் மாண்டனர். மலைப்போருக்கென்றே பழகியவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1ஆம் நாள் அபர்வாத்தில் போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். நாங்கள் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அதே 2024இல், ஆறு வாரங்கழித்து, பிப்ரவரி 22ஆம் நாள், ருஷ்ய நாட்டவர் ஒருவர் மாண்டார். பனியே இல்லை என்று நாம் குறைப்பட்டுக்கொண்ட பருவம் அது.

ஆதலால் ஒரு தலத்தை மதிப்பிடுவோர் முதலில் கேட்கவேண்டியது: இங்கே காவற்குழு உண்டா? காலைதோறும் பனிநிலையைச் சோதித்து அறிவிக்கின்றதா? அதன் ஆட்சி எந்த எல்லைவரை? குல்மர்க்கில் கொண்டோலாவை ஒட்டிய குறிப்பிட்ட பகுதியையே காவற்குழுவினர் கண்காணிக்கின்றனர். அதற்கு அப்பால் உள்ள பரந்த சாய்வுகளுக்கு யாரும் பொறுப்பில்லை. ஐரோப்பிய நாடுகளில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு அபாயத்தை அறிவிக்கின்றனர். இதில் 'மூன்று' என்பதை நடுத்தரம் என்று எண்ணி ஏமாறக்கூடாது. அது கணிசமான அபாயத்தைக் குறிப்பது. எல்லை கடந்து செல்வோர் ஒவ்வொருவரும் இருப்பிடம் காட்டும் வானொலிக் கருவி, பனியில் குத்திப் பார்க்கும் நீண்ட கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் உடன் கொண்டு, அவற்றைப் பயன்படுத்தவும் பழகியிருத்தல் வேண்டும். ஏனெனில் புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதற் பத்து நிமிடங்களில்தான் மிகுதி. பிறகு கிணற்றில் விழுந்த கல்போல் இறங்கிவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் கீழிருந்து எவரும் வந்து சேர முடியாது. அருகிலிருக்கும் தோழர்தான் தோண்டவேண்டும்.

இரண்டாம் முறை, 2025 மார்ச் முதல் வாரத்தில் சென்றபோது பனி நிறைய இருந்தது. முன்னர்ச் சொன்னவற்றை எல்லாம் விசாரித்துவிட்டோம். ஒன்றை மட்டும் விட்டுவிட்டோம். எம் குழுவில் ஐம்பதைக் கடந்த நண்பர் ஒருவர், வழியோரக் கடை ஒன்றில் பாதணியும் பலகையும் வாடகைக்கு எடுத்தார். பாதணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, விழும்போது தானே விட்டுக்கொடுக்கவேண்டும். எந்த அளவு விசைக்கு விடவேண்டும் என்பதை ஆளின் எடை, வயது, திறமை, பாதணியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு முறுக்கி வைப்பார்கள். அந்தக் கடைக்காரர் ஒன்றும் வினவவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் நாள் மாலை, குழந்தைகள் சறுக்கும் மேட்டிலே மெதுவாகச் சாய்ந்தார். பலகை பனியில் சிக்கியது, பூட்டு விடவில்லை, முழங்கால் திரும்பிக்கொண்டது.

அப்போதுதான் இன்னொரு கேள்வியும் எழுந்தது: மருத்துவர் எங்கே? மரவண்டித் தொழிலாளர் இருவர், அழைக்குமுன்னே ஓடிவந்து, அவரைப் படுக்கவைத்துச் சாலைவரை இழுத்துச் சென்றனர், கூலி கேட்கவில்லை, நாங்களாகக் கொடுத்ததைத் தயங்கி வாங்கினர். சங்கிலி கட்டிய வண்டியில் தங்மர்க்குக்கு இறங்கி, அங்கிருந்து ஸ்ரீநகர் சென்று, எக்ஸ்ரே எடுத்து முடிக்க இரவாகிவிட்டது. எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருந்தது. தில்லி திரும்பிப் பயணக் காப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தால், பனிச்சறுக்கு விலக்கப்பட்ட விளையாட்டுக்களின் வரிசையில் சிற்றெழுத்தில் அச்சாகியிருந்தது.

ஔலியைப் பற்றியும் இரண்டு சொல். அங்குள்ள சாய்வு சிறியது, பழகுவோர்க்கு இணக்கமானது, நந்தாதேவியின் காட்சி ஒன்றே போதும், சென்று வரலாம். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்கள் அங்கே நடந்தன. கடுவால் மண்டல விகாஸ் நிகம் அங்கே பயிற்சி வகுப்புக்களை நடத்தி வந்திருக்கின்றது. செயற்கைப் பனி செய்யும் இயந்திரமும் அங்கு அமைக்கப்பட்டது. ஆயினும் காற்று உறைநிலைக்குக் கீழே இறங்காத இரவில் இயந்திரம் என்ன செய்ய முடியும்? அடிவாரத்து ஜோஷிமடத்தில் நிலம் அமிழ்ந்து வீடுகள் பிளந்தபோது, 2023 ஜனவரியில், ஔலிக்குச் செல்லும் கம்பிவடப் பாதை நிறுத்தப்பட்டது. புறப்படுமுன், மேலே செல்லும் வழி எது, அது இப்போது இயங்குகின்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் நண்பர் ஆறு வாரம் கோலூன்றி நடந்தார். மறுநாள் காலை, மற்றவர்களுக்காக வேறொரு கடைக்குச் சென்றோம். உள்ளே நுழைந்தவுடன் அங்கிருந்த பெரியவர் ஒரு பழைய தராசைக் காட்டி, ஒவ்வொருவராக ஏறி நிற்கச் சொன்னார். எடையைக் கேட்டதற்காக ஒரு கடைக்காரரிடம் நன்றி சொன்னது எமக்கு அதுவே முதல் தடவை.