நீலமாக எரிந்தால் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

"உங்க தொழிலைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் சொன்னார். பல் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். சொந்த ஊர் இதே வடக்குத்து. மின்னணுவியல் படித்த பையன் பல் டாக்டர் வீட்டு வாசலில் பையோடு நிற்கிறானே என்று, எனக்குப் பெண் பார்த்த முதல் வீட்டார் என்னைக் கம்பவுண்டர் என்றே முடிவு செய்துவிட்டார்கள். அது வேறு கதை.

இன்று ஒரே ஒரு கருவியைப் பற்றிப் பேசுகிறேன். பல் அடைத்துக்கொண்டவர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் பசை மாதிரி ஒன்றைப் பல்லில் வைத்துத் தடவுவார். அப்புறம் துப்பாக்கி போன்ற ஒன்றை வாய்க்குள் நீட்டுவார். நீல வெளிச்சம் வரும். இருபது விநாடியிலோ நாற்பது விநாடியிலோ 'பீப்' சத்தம். பசை கல்லாகியிருக்கும். பீங்கான் வெனீரையும் சில கேப்களையும் பல்லோடு ஒட்டுகிற ரெசின் சிமெண்ட் இதே குடும்பம்தான், கொஞ்சம் இளகலாக இருக்கும், அவ்வளவே.

நம் வீட்டுச் சிமெண்ட் தண்ணீரால் இறுகுகிறது. இது வெளிச்சத்தால் இறுகுகிறது. எப்படி? அந்தப் பசைக்குள் கேம்பர்குவினோன் என்று ஒரு பொருளைத் துளி கலந்திருக்கிறார்கள். பெயரிலேயே கேம்பர் இருக்கிறது பாருங்கள். ஆமாம், கற்பூரத்தின் உறவுக்காரன்தான். கற்பூரத்தை ஆக்ஸிஜனேற்றித்தான் அதைச் செய்கிறார்கள். சாமிக்குக் காட்டுகிற கற்பூரம் வெள்ளை, இவன் மஞ்சள். நீலத்தை விழுங்குகிற பொருள் நம் கண்ணுக்கு மஞ்சளாகத்தானே தெரியும்? சுமார் 470 நானோமீட்டர் அலைநீள நீலம்தான் இவனுக்குப் பிடித்த தீனி. அதை விழுங்கியதும் கூடவே இருக்கும் அமீனோடு சேர்ந்து தனி உறுப்புகளைக் கிளப்பி விடுகிறான். அவை ரெசின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகின்றன. கல்யாணப் பந்தியில் ஒருவர் எழுந்தால் வரிசையே எழுகிற மாதிரி, ஒன்று தொடங்கினால் மளமளவென்று நடக்கும்.

முதலில், 1970-களின் தொடக்கத்தில், புற ஊதாக் கதிரால்தான் இறுக வைத்தார்கள். அது ஆழம் போகாது, கண்ணுக்கும் ஆகாது. கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியால் இறுகும் ரெசினை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தார் உருவாக்கினார்கள். 1976-இல் மான்செஸ்டரில் டாக்டர் முகமது பாஸியூனி அதை முதன்முதலாக ஒருவர் வாயில் வைத்து அடைத்தார். யார் வாயில் தெரியுமா? அந்த நிறுவனத்திலேயே ஆராய்ச்சி செய்த ஜான் இயர்ன் வாயில். தான் சமைத்ததைத் தானே முதலில் சாப்பிட்ட மனிதர்! அவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நான் செய்தது அதற்கு நேர் எதிர். அதைச் சொல்கிறேன்.

2014-ஆம் ஆண்டு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். நம் பக்கத்துச் சிறிய கிளினிக் ஒன்றில் பழைய ஹாலஜன் விளக்கைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா, சிதம்பரத்தில் 1980-இல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவர், கைராசிக்காரர். "தம்பி, இது சரியா இருக்கான்னு ஒருதரம் பாருங்க" என்றார். விசையை அழுத்தினேன். பளிச்சென்று நீலமாக எரிந்தது. உள்ளங்கையில் காட்டினேன், சூடும் இருந்தது. "அருமையா இருக்கு டாக்டரம்மா" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே என் தங்கைக்கு அங்கே வெனீர் ஒட்டினார்கள். பள்ளி நாளில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்து கறுத்துப் போயிருந்தது. நிச்சயதார்த்தம் குறித்தாயிற்று. "அண்ணன் சரிபார்த்த விளக்கு" என்று வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து, நிச்சயத்துக்கு முதல் நாள் மாலை, முறுக்கைக் கடித்தாள். வெனீர் கையோடு வந்துவிட்டது. அவள் அழவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இது நீ பாத்த வெளக்குல ஒட்டினதுதானே?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று இரவே பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், தொழிலில் மூத்த ஒரு நண்பரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, ஒளி அளக்கும் ரேடியோமீட்டரை வாங்கி வந்தேன். காலை ஆறு மணிக்கு டாக்டரம்மா கிளினிக்கைத் திறந்து வைத்திருந்தார். வெனீரின் உட்புறத்தைக் கருவி முனையால் சுரண்டிக் காட்டினார். கல்லாக இருக்க வேண்டிய சிமெண்ட் மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. விளக்கை மீட்டரில் வைத்தேன். சதுர சென்டிமீட்டருக்கு 400 மில்லிவாட்டாவது வேண்டிய இடத்தில் 140.

கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம்தான்! 140-க்கும் 400-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நம் கண்ணால் முடியாது. உள்ளே திறந்து பார்த்தால் 12 வோல்ட், 75 வாட் பல்பு கறுத்திருந்தது. மாற்றினேன், 270. ஒளிக்குழாயின் நுனியில் பழைய ரெசின் ஒட்டி இறுகிக் கிடந்தது. பிளேடால் பக்குவமாகச் சுரண்டினேன், 360. பிளக்கில் மின்னழுத்தம் பார்த்தால் 215 வோல்ட்தான். ஸ்டெபிலைசர் வழியே கொடுத்தேன், 450 வந்தது.

இந்த மின்னழுத்த விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் குறையாது. ஏறக்குறைய 3.4-ஆவது படியில் குறையும். 230 வோல்ட் 200 ஆனால் வெளிச்சம் 40 சதவீதத்தை ஒட்டிப் போய்விடும். இழை சூடு குறைந்தால் வெளிச்சம் சிவப்புப் பக்கம் சாய்வதால் நீலம் அதைவிட அதிகமாகவே குறையும். என் தங்கைக்கு ஒட்டியது மாலை ஏழு மணிக்கு. தெருவெல்லாம் மோட்டாரும் மிக்ஸியும் ஓடுகிற நேரம். 1962 முதல் மின்சாரம் தயாரிக்கிற நெய்வேலியின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கிளினிக்கின் பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது என்று நான் பார்க்கவில்லை. விளக்கடியில் இருட்டு என்பது இதுதான்.

இன்னொரு கணக்கையும் நான் போடவில்லை. அடைப்பு என்றால் வெளிச்சம் நேராக விழுகிறது. வெனீரிலோ பீங்கானைத் தாண்டித்தான் சிமெண்டுக்குப் போக வேண்டும். கறுத்த பல் தெரியக் கூடாதென்று ஒளி ஊடுருவாத நிறத்தில் பீங்கான் செய்திருந்தார்கள். அது தன் பங்குக்கு விழுங்கிவிட்டது. 140-இல் மிச்சம் என்ன போய்ச் சேர்ந்திருக்கும்? ஓரத்தில் மட்டும் இறுகி, நடுவில் பச்சையாகவே நின்றிருக்கிறது. தடித்த கேப்களுக்கு, வெளிச்சம் போகாத இடத்திலும் தானே இறுகுகிற இருவழிச் சிமெண்ட் உண்டு. ஆனால் நாளடைவில் அதன் நிறம் மாறக்கூடும் என்பதால் முன்பல் வெனீருக்குப் பலரும் ஒளியால் இறுகுவதையே விரும்புகிறார்கள்.

டாக்டரம்மா பழைய சிமெண்டைச் சுத்தம் செய்து, பீங்கானுக்கு அமிலமும் சிலேனும் போட்டு, மறுபடி ஒட்டி, ஒவ்வொரு பக்கமும் 40 விநாடி வெளிச்சம் காட்டினார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "மீட்டர் என்ன விலை தம்பி?" என்றுதான் கேட்டார். பத்து மணிக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. தங்கை போட்டோவில் நன்றாகவே சிரித்தாள். அந்த வெனீர் இன்றும் இருக்கிறது. முறுக்கும் சாப்பிடுகிறாள், எனக்குத்தான் பக் பக்கென்கிறது.

அன்றிலிருந்து எந்தக் கிளினிக் போனாலும் மீட்டரைத்தான் முதலில் எடுப்பேன். இந்தச் சின்ன மீட்டர்கள் அவ்வளவு துல்லியமானவை அல்ல. ஒரு மீட்டர் 450 காட்டினால் இன்னொன்று 520 காட்டும். ஆனால் ஒரே விளக்கை ஒரே மீட்டரில் மாதாமாதம் பார்த்து நோட்டில் எழுதினால், இறங்குவது தெரிந்துவிடும்.

"இப்பதான் எல்.இ.டி. வந்துடுச்சே" என்று மாணவர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். 1990-களில் பிறந்த பிரகாசமான நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் கிடைத்தது. எனக்கு முறுக்குப் பாடம் கிடைத்த அதே வருஷம்! அந்த நீலம் கேம்பர்குவினோனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இழை கறுப்பதில்லை. ஆனால் நுனியில் ரெசின் ஒட்டுவது நிற்கவில்லை, நுனியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கிற கையும் மாறவில்லை. சில வெளிறிய நிற ரெசின்களில் 400 நானோமீட்டர் பக்கத்து ஊதாவைக் கேட்கிற வேறு தூண்டியைச் சேர்க்கிறார்கள். வெறும் நீல எல்.இ.டி.யை அது சட்டை செய்யாது.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு போட்டோடயோடு, ஒரு நீல வடிகட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு டிஸ்ப்ளே. சிறு ஊர் டாக்டர்கள் தயங்காமல் வாங்கக்கூடிய விலையில் ஒரு மீட்டரைப் பிராஜெக்டாகச் செய்து பாருங்கள். ஒப்பிட்டுச் சரிபார்க்க என் மீட்டரைத் தருகிறேன். அந்தப் பழைய ஹாலஜன் விளக்கையும், டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு நம் துறை ஆய்வகத்தில் எரித்துக் காட்டுகிறேன். ஆரஞ்சுக் கண்ணாடி இரண்டுதான் இருக்கிறது, ஆகவே இரண்டிரண்டு பேராக வாருங்கள். நுனியை யாரும் வெறுங்கண்ணால் நேராகப் பார்க்க வேண்டாம்.