சாலியேரிக்கு விடுதலை கேட்கிறேன்

நடுவர் அவர்களே, எதிர்த்தரப்பில் வாதாட வந்திருக்கும் நண்பரே, இந்த வழக்காடு மன்றத்துக்குத் திரண்டு வந்திருக்கும் ரசிகப் பெருமக்களே!

'அமேடியஸ்' திரைப்படத்தைக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். மிலோஸ் ஃபோர்மன் இயக்கி 1984இல் வெளிவந்த படம். எட்டு ஆஸ்கர் விருதுகள் பெற்ற படம். விருது வாங்கிய படத்தின் மீது வழக்கா என்று நண்பர் கேட்பார். எழுந்து வந்து பதில் சொல்ல முடியாத ஒருவர் மீது பழி போட்டால், யாராக இருந்தாலும் வழக்குத்தான்!

படம் என்ன சொல்கிறது? வியன்னா அரசவை இசைக்கலைஞர் அந்தோனியோ சாலியேரி, மொசார்ட்டின் மேதைமை மீது பொறாமை கொள்கிறார். முகமூடி அணிந்து வந்து இரங்கல் இசை ஒன்றை எழுதச் சொல்கிறார். அந்த மனிதனைச் சாவு வரை விரட்டுகிறார்.

உண்மை என்ன? அந்த இசையை எழுதச் சொல்லி ஆளனுப்பியவர் வால்செக் என்ற பிரபு. இறந்த மனைவியின் நினைவுக்காகக் கேட்டார். தாமே இயற்றியதாகக் காட்டிக்கொள்ளவும் நினைத்தார். சாலியேரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதல் சாட்சியாக மொசார்ட்டையே அழைக்கிறேன். 1791 அக்டோபரில் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். 'மாயப் புல்லாங்குழல்' இசைநாடகத்துக்குச் சாலியேரியைத் தாமே வண்டியில் அழைத்துப் போனாராம். அந்த மனிதர் தொடக்கம் முதல் கடைசி வரை ஊன்றிக் கேட்டு, பாட்டுக்குப் பாட்டு 'பிராவோ' சொன்னாராம். இதைப் பூரித்துப்போய் எழுதியவர் ஏழெட்டு வாரத்தில், 35 வயதில், இறந்துபோனார்.

இரண்டாவது சாட்சி, மொசார்ட்டின் மனைவி கான்ஸ்டான்சா. தன் இளைய மகனைச் சாலியேரியிடம் இசை படிக்க அனுப்பினார். ஐயா, புருஷனைக் கொன்றவன் வீட்டுக்குப் பிள்ளையைப் பாடம் படிக்க அனுப்புகிற தாய் எந்த ஊரில் இருக்கிறாள்?

பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் பழி? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முதுமையில் நோயாளியாகக் கிடந்த சாலியேரியைச் சுற்றி வதந்தி பரவியது. பார்க்க வந்த மாணவரிடம், தான் விஷம் வைக்கவில்லை என்று அவர் மன்றாட வேண்டியிருந்தது. 1825இல் இறந்தார். ஐந்தே ஆண்டில் புஷ்கின் அந்த வதந்தியைக் கவிதை நாடகமாக்கினார். 1979இல் பீட்டர் ஷாஃபர் மேடைக்குக் கொண்டுவந்தார். அதைத்தான் ஃபோர்மன் திரைக்குக் கொண்டுபோனார். வதந்திக்கு எத்தனை பெரிய கலைஞர்கள் வாய்த்தார்கள் பாருங்கள்!

நண்பருக்காக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மொசார்ட்டின் கைப்பிரதிகளைச் சாலியேரி புரட்டும் காட்சி. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. தாளைப் பார்க்கிறார், நமக்கு இசை கேட்கிறது. தாள் மாறினால் இசை மாறுகிறது. சாலியேரியாக நடித்த எஃப். முர்ரே ஆபிரகாமின் முகத்தில் பரவசமும் தோல்வியும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இசை தெரியாதவனுக்கும் இசையின் உயரத்தைக் காட்டிய காட்சி அது. அதற்குத் தலைவணங்குகிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் காது படம் கொடுத்த காது இல்லை. சாலியேரிக்குச் சொந்தமான காது! பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் ஆகிய மூவரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அவருடைய ரசனையை எடுத்துக்கொண்டு கொலைப் பழியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

கதைக்குக் கற்பனை வேண்டும் என்பார் நண்பர். வேண்டும்தான். பெயரை மாற்றி எழுதுங்கள், கைதட்டுகிறேன். வாழ்ந்தவரின் பெயரை வைத்துக்கொண்டால், வாழ்ந்தவருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கடனைப் படம் கட்டவில்லை. பார்த்த நாம்தான் கட்ட வேண்டும். படத்தைத் தடை செய்யக் கேட்கவில்லை. நூறு முறை திரையிடுங்கள். ஒவ்வொரு முறையும், விளக்கு போட்டதும் யாராவது ஒருவர் எழுந்து மொசார்ட்டின் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லட்டும். படத்துக்குப் பாராட்டும், சாலியேரிக்கு விடுதலையும் ஒரே தீர்ப்பில் வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.