எந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள்?

 

"பத்து நிமிஷம் பேசுங்க சார், அரசியல் மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அரசியல் என்றால் பரவாயில்லைதானே!

நான் இங்கே வரலாறு படித்தபோது 1713 உட்ரெக்ட் உடன்படிக்கை என்பது ஐந்து மார்க் கேள்வி. ஸ்பெயினிடமிருந்து ஜிப்ரால்டரும் மினோர்க்காவும் பிரிட்டனுக்குப் போயின என்று உருப்போட்டு வைத்திருந்தேன். எங்கள் பேராசிரியர் ஒருநாள், "அதெல்லாம் சரி, பேச வந்தவங்க எந்த வாசல் வழியா உள்ளே போனாங்க?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு நானே ஆசிரியரானபோதுதான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று புரிந்தது.

அதற்கு முந்தைய போரை முடிக்க 1697-இல் ஹாலந்தின் ரைஸ்விக் அரண்மனையில் கூடினார்கள். பிரெஞ்சுக்காரருக்கு ஒரு வாசல், எதிரணிக்கு ஒரு வாசல், சமரசம் செய்த சுவீடன்காரருக்கு நடுவில் ஒரு வாசல். யார் முதலில் நுழைவது என்ற சண்டையே வராதல்லவா? டச்சுக்காரர்கள் 1693-இல் பிடித்த நம் புதுச்சேரியை பிரான்சுக்குத் திருப்பித் தந்தது அந்த உடன்படிக்கைதான்.

அடுத்து 1701-இல் ஸ்பானிய வாரிசுரிமைப் போர் மூண்டது. அதை முடிக்க 1712 ஜனவரி 29 அன்று உட்ரெக்ட் நகர மண்டபத்தில் மாநாடு தொடங்கியது. போர் நிற்கவில்லை, ஒரு பக்கம் பேச்சு, ஒரு பக்கம் பீரங்கி. அதனால் முன்கூட்டியே விதி செய்தார்கள். தூதர்கள் இரண்டு குதிரை வண்டியில், சில வேலைக்காரர்களோடு மட்டும் வர வேண்டும். வேலைக்காரர் கையில் வாளோ தடியோ இருக்கக் கூடாது. உட்காருவதில் பெரியவர் சின்னவர் பார்க்கக் கூடாது. கல்யாண வீட்டில் பந்திச் சண்டை பார்த்த நமக்கு இது வேடிக்கையாகத் தெரியாது.

அப்படியும் வந்தது வம்பு. 1712 ஜூலை 24 அன்று தெனேன் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை வென்றது. சில நாளில், பிரெஞ்சுத் தூதர் மெனாஜேயின் வேலைக்காரர்கள், டச்சுப் பிரதிநிதி ரெக்தெரனின் ஆட்களைப் பார்த்து முகத்தைச் சுளித்துக் கேலி செய்தார்களாம். தண்டிக்கச் சொன்னார் இவர், மறுத்தார் அவர். கைகலப்பு ஆயிற்று. பதினான்காம் லூயி மன்னர் பரிகாரம் கேட்டார். மாநாடு மாதக்கணக்கில் முடங்கியது. ஆனால் லண்டனும் வெர்சாயும் தங்களுக்குள் தனியாகப் பேசி முடித்துக்கொண்டன. உட்ரெக்டில் 1713 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தானது.

இவ்வளவு பார்த்துப் பார்த்து நாற்காலி போட்டவர்கள், ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் நாற்காலியே போடவில்லை. அவர்கள் கட்டலோனியா மக்கள். உங்கள் உரிமைகளைக் காப்போம் என்று 1705-இல் வாக்குக் கொடுத்து அவர்களைப் போரில் இறக்கியது இங்கிலாந்து. 1713-இல் ஸ்பெயினோடு செய்த உடன்படிக்கையில் அவர்களுக்குக் கிடைத்தது மன்னிப்பும், காஸ்டீல் மக்களுக்கு உள்ள அதே உரிமைகளும்தான். அவர்கள் காலங்காலமாகக் காத்த சொந்தச் சட்டங்கள் கிடைக்கவில்லை. தனியாக நின்று போராடிய பார்சிலோனா 1714 செப்டம்பர் 11 அன்று வீழ்ந்தது.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்கள் அதிகாரியாவீர்கள், சங்கத் தலைவராவீர்கள், பஞ்சாயத்துப் பேசப் போவீர்கள். வாசலையும் நாற்காலியையும் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பெரிய பேச்சு அதில்தான் தடுக்கி விழும். ஆனால் உட்கார்ந்த பிறகு ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ, அவர் அங்கே இருக்கிறாரா? இல்லையென்றால், எழுந்து போய்க் கூட்டி வாருங்கள்.

என் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து நான் எழுதும் விடை இதுதான். மார்க் போட அவர் இல்லை, நீங்கள் போடுங்கள்.