பேயும் விதியும் மூளையும்



மூளைக்குள் ஜீன் என்னும் மரபணு எப்படி வேலை செய்கிறது, மனநோய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். இது டாக்டர்களுக்கு மாத்திரம் உரிய விஷயமல்ல. நன்றாய்ப் படித்துக்கொண்டிருந்த 18 வயதுப் பையன் ஒருவன், தன் காதில் யாரோ பேசுவதாய்ச் சொன்னால் பெற்றோர் யாரைத் தேடி ஓடுகிறார்கள்? மந்திரவாதி செய்வினை என்பான், கோடாங்கி பேய் என்பான், சோதிடன் முன்ஜென்மப் பாவம் என்பான். மூவரும் ஒத்துப்போவது தட்சணை வாங்குவதில் மாத்திரந்தான்!

உண்மை என்ன? நம் தோலிலும் ஈரலிலும் மூளையிலும் உள்ள அணுக்களில் டி.என்.ஏ. என்னும் சரக்கு ஒன்றேதான். அதில் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. சரக்கு ஒன்றாயிருக்க, ஈரல் ஏன் சிந்திப்பதில்லை? ஏரி ஒன்றேயானாலும் எந்த மடையை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதைப் பொறுத்தே வயல்கள் விளைகின்றன அல்லவா? அப்படியே எந்த மரபணு எந்த இடத்தில், எந்த வயதில், எவ்வளவு வேலை செய்வதென்பதற்கும் மடைகள் உண்டு. புரதம் செய்யும் குறிப்பு டி.என்.ஏ.யில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மீதியில் ஒரு பாகம் இந்த மடை வேலையைப் பார்க்கிறது.

மனச்சிதைவு என்னும் நோயுள்ள சுமார் 77,000 பேரின் டி.என்.ஏ.யை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு, நோய்க்குச் சம்பந்தமுள்ள 287 இடங்களை 2022ல் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை மடைப் பக்கத்திலேயே இருக்கின்றன. அதற்கு முன்பே 2018ல், இறந்துபோன சுமார் 2,000 பேருடைய மூளைகளைக் கொண்டு எந்த மடை எந்த மரபணுவைத் திறக்கிறதென்று கணக்கெடுத்தார்கள். அந்த மூளைகளைக் கொடுத்த குடும்பத்தார் செய்தது ஆயிரம் திவசத்தைவிட மேலான காரியமென்பது நமது அபிப்பிராயம்.

உதாரணம் ஒன்று சொல்லுகிறோம். சி4 என்று ஒரு மரபணு. உடம்பில் கிருமிகளை ஒழிக்க அடையாளம் போடுவது அதன் வேலை. மூளையிலோ, வேண்டாத நரம்பிணைப்புகளைக் களைவதற்கு அது உதவுகிறது. வாலிபப் பருவத்தில் இந்தக் களையெடுப்பு எல்லோருக்கும் நடப்பதுதான். சி4ன் ஒரு வகை அதிகமாய் வேலை செய்கிறவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்று 2016ல் அமெரிக்காவில் கண்டார்கள். களையோடு பயிரும் பறிபோகிறது போலும்! வாலிபத்தில் நோய் தலைகாட்டுவதற்கு இது ஒரு காரணமாயிருக்கலாம். கோடாங்கி உடுக்கையடித்து இந்த மடையை அடைப்பானா?

ஆனால் தோழர்களே, தலைவிதியைத் தள்ளிவிட்டு மரபணுவை அந்தப் பீடத்தில் உட்காரவைத்துவிடக் கூடாது. அந்த 287 இடங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் செய்வது அற்பமே. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களுக்கு டி.என்.ஏ. ஒன்றேயாயினும், ஒருவருக்கு இந்நோயிருந்தால் மற்றவருக்கும் வருவது பாதிப் பேருக்கு மேல் இல்லை. ஹாலந்து தேசத்தில் 1944-45 பஞ்சத்தின் கொடுமையில் கருவான பிள்ளைகளுக்கு இந்நோய் சுமார் இரண்டு மடங்கு கண்டது. அங்கே குற்றம் பசியினுடையதா, பரம்பரையினுடையதா?

"பரம்பரை" என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் 1933ல் சட்டம் செய்து, சுமார் 4 லட்சம் பேருக்குப் பிள்ளைப்பேறில்லாமல் அறுத்தார்கள். 1940, 1941ல் நோயாளிகளும் ஊனமுற்றவர்களுமாய் சுமார் 70,000 பேரை விஷவாயுவில் கொன்றார்கள். ஆதலால், ஒரு வீட்டில் சித்தப்பாவுக்குப் பித்தென்று அந்த வீட்டுப் பெண்ணைத் தள்ளிவைக்கிறவர்கள் தங்கள் செய்கைக்கு விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு இழுக்கவேண்டாம்.

இந்த ஆராய்ச்சியால் நாளைக்கே புது மருந்து வந்துவிடுமென்று நாம் சொல்லவில்லை. 1952லேயே மனநோய்க்குப் பயன்படுத்தப்பட்ட குளோர்புரோமசினும் அதன் பின்வந்த மருந்துகளும் பலருக்குக் குணம் தருகின்றன. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். பேய் ஓட்டுவதில் போகும் மாதங்களே நஷ்டம்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாதென்று 2017ம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லுகிறது. உங்கள் ஊரில் எந்தத் திண்ணையிலாவது, எந்தக் கோயிலிலாவது, தர்காவிலாவது, மாதாகோயிலிலாவது சங்கிலியைக் கண்டால் அந்தச் சட்டத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு இப்படி நேர்ந்திருந்தால் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள். அதற்குக் காசு இல்லை, தட்சணையும் இல்லை.