முப்பது நாள் குத்தகை

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மன்னார்க்காரன். உங்கள் பாட்டன் பூட்டன் பலபேர் தோணியை விட்டிறங்கி மலைநாட்டுக்கு நடக்கத் தொடங்கினது எங்கள் கரையிலிருந்துதான். அதனாலே எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்று சொல்கிறேன். முத்துச் சலாபம். ஆனால் நான் பேசவந்தது முத்தைப் பற்றி இல்லை, நாளைப் பற்றி.

1804இல் வெள்ளைக்கார அரசாங்கம் சலாபத்தை ஒரு முதலாளிக்குக் குத்தகைக்கு விட்டது. அக்காலத்தில் கொழும்பில் பாதிரியாராயிருந்த கோர்டினர் 1807இல் வெளியிட்ட நூலில் அந்தக் குத்தகை பற்றி எழுதியிருக்கிறார். குளிப்புக்கு முப்பது நாள். அதற்கு மேல் இல்லை. இரவு பத்து மணிபோல அரிப்பில் பீரங்கி வெடிக்கும், தோணிகள் கரைக்காற்றோடு புறப்படும். விடிந்ததும் குளிப்பு. மத்தியானம் திரும்பவும் வெடி, அத்தோடு வேலை முடிஞ்சுது. கடற்காற்று பிடித்துத் திரும்பி வருவார்கள். இன்னும் ரெண்டு சிப்பி அள்ளுவோம் என்று யாரும் நிற்க ஏலாது.

சரி, புயல் அடித்துக் குளிக்க முடியாமல் போனால்? அந்த நாள் முப்பதில் சேராது. குத்தகைக்காரன் கெட்டிக்காரன், தன் நாளைக் காப்பாற்றிக்கொண்டான். ஆனால் கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கினவனுக்கு? பலருக்குக் கூலி சிப்பியில் ஒரு பங்கு. குளிப்பு இல்லையென்றால் சிப்பி இல்லை, பங்கும் இல்லை. கொண்டச்சி மணலில் குந்தியிருந்து கைக்காசைத் தின்ன வேண்டியதுதான். ஒரே புயல், ஆனால் ஒருத்தன் நாள் பத்திரம், மற்றவன் நாள் போச்சு.

நூறு வருசம் கழித்து இன்னொரு கதை. 1905இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் குளித்து, எட்டுக் கோடி சிப்பி எடுத்தார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்ட ஒரு லண்டன் கம்பனி, 1906 முதல் இருபது வருசத்துக்கு, வருசம் 3,10,000 ரூபாய் என்று குத்தகை எழுதிக்கொண்டது. 1907க்குப் பிறகு சிப்பி காணோம். 1912இல் கம்பனியே கலைந்தது. ஒப்பந்தத்தில் வருசம் எழுதலாம், கடலிடம் யார் கையெழுத்து வாங்குவது!

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இப்போது சில தோட்டங்களில் மலையைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு என்று ஒப்பந்தம் எழுதுகிறார்கள். எல்லோரும் கிலோவுக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறீர்கள். நாளைக் கேளுங்கள் அம்மா. கொழுந்து எந்தெந்த நாளில் எடுப்பார்கள், நிறுவை எத்தனை மணிக்கு? லொறி வராத அன்று பறித்த கொழுந்து வாடினால் அது யார் கணக்கு? மழை கொட்டி மட்டம் முற்றிப்போனால்? பிரட்டுக்களத்தில் முழுப்பேர் அரைப்பேருக்குச் சண்டை போட்ட நமக்கு இது புதிதில்லை, ஆனால் அங்கே சத்தம் போடலாம், இங்கே தாளில் உள்ளதுதான்.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். மழைநாள் என்ற சொல் அதில் இல்லையென்றால், எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கையெழுத்துக்கு முன்னமே திருப்பிக் கொடுங்கள்.