முதியோர் இல்லமும் பூந்தோட்டமும்
(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கம் கட்டக் கருதியுள்ள முதியோர் இல்லத்தின் பின்புறத்தே காலிமனை ஒன்று உளது. ஆண்டு வாடகைக் கடைகள் எழுப்பின் வருவாய் பெருகும் என்பது சிலர் கருத்து. அவ்விடம் தோட்டமாதல் வேண்டும் என்பது எமது விண்ணப்பம்.

தோட்டமென்பது வெறும் அலங்காரமன்று. அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் ஒரு வைத்தியசாலையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பையில் இரணசிகிச்சை செய்துகொண்டோருள் 46 பேருடைய குறிப்புகளை ராஜர் உல்ரிக் என்னும் அறிஞர் ஒப்புநோக்கி, 1984-இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டிருந்த 23 பேர், செங்கற்சுவரையே கண்டிருந்த 23 பேரினும் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடிய வலிநீக்கி மருந்தும் அவர்க்குக் குறைவாகவே வேண்டியிருந்தது.

காண்டலினும் பேணுதல் சிறந்தது. எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளநூற் புலமையர் இருவர் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லமொன்றிற் செய்த சோதனையை 1976-இல் வெளியிட்டனர். இரு மாடியில் இருந்தோர்க்கும் செடிகள் அளிக்கப்பட்டன. ஒரு மாடியில் செடியைப் பேணுதலும், அறையை ஒழுங்கு செய்தலும், சினிமாக் காட்சிக்கு நாள் தேர்தலும் முதியோர் பொறுப்பாயின. மற்றதில் தாதியரே செடிக்கு நீர் ஊற்றினர். மூன்று வாரத்தில் முன்னவர் ஊக்கமும் மகிழ்ச்சியும் மிக்கு விளங்கினர். 18 திங்கள் கழித்து நோக்கியபோது, முன்னவர் 47 பேருள் 7 பேரும், பின்னவர் 44 பேருள் 13 பேரும் இறந்திருந்தனர். தொகை சிறிதாதலின், செடி ஆயுளை நீட்டும் என்று யாம் துணிந்து கூறோம். தம் பொறுப்பில் ஒன்று உளதென்னும் உணர்வு உள்ளத்திற்கு உரமாம் என்பது மட்டும் ஒருதலை.

நம் முதியோருட் பலர் கழனியும் கொல்லையும் பேணி வாழ்ந்தவர். அவரைக் கட்டிலில் இருத்தி, வேளைக்குச் சோறிட்டு, 'நீங்கள் ஒன்றும் செய்யவேண்டா' என்று கூறுதல் அன்பேயாம். ஆயினும், அவர் இனி எவர்க்கும் வேண்டாதார் என்று சொல்லாமற் சொல்வதும் அதுவே அன்றோ?

தோட்டம் அமைக்குங்கால் கருதத்தக்கன சில. குனிய இயலாதார் நின்றும் நாற்காலியில் அமர்ந்தும் மண்ணைத் தொடுமாறு, இரண்டு, இரண்டரை அடி உயரத்திற் செங்கற்பாத்திகள் கட்டல் வேண்டும். பாதை படியின்றிச் சக்கர நாற்காலி செல்லும் அகலத்ததாய், கைப்பிடியும் நிழலிருக்கையும் உடையதாய் இருத்தல் வேண்டும். நினைவு தளர்ந்தோர் வழிதப்பாவண்ணம், அது புறப்பட்ட இடத்திற்கே சுற்றி வந்து சேர்க. துளசி, முல்லை, செம்பருத்தி, கீரை வகைகள் இவை போதும். அரளியும் ஊமத்தையும் நஞ்சாதலின் விலக்குக.

கடை வாடகை இழப்பிற்கு ஈடாக, குடும்பந்தோறும் சந்தாவோடு சிறு தொகை மிகுதியாக அளித்தல் கூடும். நம் சிறுவர் வாரந்தோறும் சென்று நீர் இறைத்துக் கொடுக்கலாம். சுமப்பது இளையோர் கடன். ஊற்றுவது முதியோர் உரிமை. நாமும் ஒருநாள் அவ்வில்லத்தை நாடுதல் கூடும் என்பதை உளங்கொண்டு, சங்கத்தார் தீர்மானம் செய்யுமாறு வேண்டுகின்றோம்.