கல்லுக்குள் இருக்கும் தண்ணீர்



நூற்றாண்டு விழாவில் ஒரு வைத்தியர் கல்லைப் பற்றிப் பேசுவது புதுமையாக இருக்கலாம். ஆனால் நாங்கள் குடித்து வளர்ந்த தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணுக்குக் கீழே கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கரையோரத்திலும் தீவுகளிலும் முருகைக்கல் கிடைக்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், ஐங்கோணக் கோட்டையை முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டினார்கள். நெடுந்தீவில் இன்றும் சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல்லே காணிகளுக்கு வேலி. கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி எங்கள் முன்னோர் சுவர் எழுப்பினார்கள், வெள்ளையடித்தார்கள். 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. 1990இல் போரினால் அது மூடப்பட்டது. கல் அகழ்ந்த பள்ளங்கள் எஞ்சின.

கட்டடத்துக்கு உதவியதைவிடப் பெரிய உதவி ஒன்றை இந்தக் கல் செய்கிறது. எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை கல்லின் வெடிப்புகளால் இறங்கி, உவர்நீரின் மேலே நன்னீராகத் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும்.

மழையை விடும் அதே வெடிப்புகள் தோட்டத்து உரத்தையும் மலசலகூடக் குழியின் கழிவையும் விடுகின்றன. அப்படிச் சேரும் நைத்திரேற்று, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் பல கிணறுகளில் அது தாண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், சில மாதக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

வெளிநாட்டிலிருந்து ஊரில் வீடு கட்டும் சகோதரிகளே, மாபிள் தெரிவு செய்யுமுன் மலசலகூடக் குழி எங்கே வருகிறது, அடி பூசி அடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். அயலவரின் கிணறும் உங்கள் கிணறும் ஒரே கல்லில்தான் ஊறுகின்றன.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக, பாடசாலைக் கிணற்று நீரை ஒவ்வோராண்டும் மாரிக்கு முன்னும் பின்னும் பரிசோதிப்போம். முடிவைப் பிள்ளைகள் பார்க்கும் அறிவித்தற் பலகையில் இடுவோம். செலவு சிறிது, பழகிக்கொண்டால் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிணற்றையும் கேட்கத் தொடங்குவார்கள்.